முதுகுப் பக்கம்

கவுன் போட்டுக் கையுறை மாட்டிய பிறகு ஒரு நர்ஸுக்கு முதுகு கிடையாது. முதுகு இருக்கும், அரிக்கும், வலிக்கும், வியர்வை வழியும். ஆனால் கணக்கில் வராது. நெஞ்சிலிருந்து இடுப்பு வரை முன்பக்கம், முழங்கைக்குக் கொஞ்சம் மேலேயிருந்து விரல் நுனி வரை கை. இவ்வளவுதான் சுத்தம். தோள் அழுக்கு, இடுப்புக்குக் கீழே அழுக்கு, முதுகு முழுக்க அழுக்கு. அந்த அழுக்கு முதுகில் நாடா கட்டுவதுதான் என் வேலை. நான் தியேட்டர் ஆயா. படம் ஓட்டுகிற தியேட்டர் இல்லை, வயிற்றைக் கிழிக்கிற தியேட்டர். புதிதாக வருகிற வாட்ச்மேன் ஒவ்வொருத்தனும் "இன்னிக்கு என்ன படம் ஆயாம்மா?" என்று கேட்காமல் விடமாட்டான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கவுன் எல்லாம் பச்சைத் துணி. அலசி, வெயிலில் போட்டு, நாடா அறுந்திருந்தால் தைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து டிரம்மில் அடுக்குவேன். போடுகிறவர் கை உள்பக்கத்தில் மட்டும்தான் பட வேண்டும், அதற்காகத்தான் அந்த மடிப்பு. பிறகு டிரம் நீராவிப் பெட்டிக்குள் போய் வெந்து வரும். வெந்து வந்த துணியை நான் தொடக் கூடாது. நேற்று முழுக்க என் மடியில் கிடந்த துணிதான், இன்று தொட்டால் தீட்டு. டிரம்மின் மூடியைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பேன். ஈரம் பட்டாலும் போச்சு. நனைந்த துணி வழியாக அழுக்கு உள்ளே நடந்து போகும் என்று அக்கா சொல்வாள்.

அக்கா என்றால் தியேட்டர் நர்ஸ். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவள், ஆனாலும் அங்கே டாக்டரைத் தவிர எல்லோருக்கும் அவள் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் அவளும் நானும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நான் என் அடுப்பை அணைக்க ஓடுவேன், அவ்வளவு நெருக்கம்.

கையுறை மாட்டிய கையைத் தொங்கவிடக் கூடாது. அக்குளில் செருகக் கூடாது. மூக்கு பிய்த்துக்கொண்டு அரித்தாலும் சொறியக் கூடாது. நெஞ்சுக்கு நேரே கோத்துப் பிடித்து நிற்க வேண்டும். வருஷக்கணக்கில் அப்படி நின்று நின்று, காய்கறிக் கடையில் நின்றாலும் அக்காவின் கை தானாக நெஞ்சுக்கு ஏறிவிடும். கடைக்காரர் தனக்குத்தான் கும்பிடு போடுகிறாள் என்று நினைத்துத் தராசை வைத்துவிட்டுப் பதில் கும்பிடு போடுவார். லைனில் அவளுக்குப் பட்டப் பெயரே கும்பிடுதான். சந்தில் எதிரே ஆள் வந்தால் முதுகுக்கு முதுகு திருப்பித்தான் கடப்பாள், அதுவும் தியேட்டர் பழக்கம். கோடி வீட்டுப் பெரியவர் ஒருநாள் நிறுத்திக் கேட்டே விட்டார், "நான் என்னம்மா தப்புப் பண்ணினேன், என்னைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிறே?" என்று.

அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அக்காதான் வீடு. அவளுக்குக் கீழே ஒரு தம்பி, மெயின் ரோட்டுத் திருப்பத்தில் டயர் கடை. லாரி டயரை ஒற்றை ஆளாகப் புரட்டுவான். கை எப்போதும் கன்னங்கரேலென்று இருக்கும். "தேய்ச்சுக் கழுவிட்டு உக்காருடா" என்று அக்கா கத்தாமல் அந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு நடந்ததில்லை. "இது கறுப்பு, அழுக்கு இல்லக்கா" என்பான். அவனுக்குக் கீழே சின்னவள். அவளைத் தண்ணீர் லாரி ஓட்டுகிற ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருப்பான். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். என்னைக்கூட "அம்மா சவுக்கியமா?" என்று கேட்டுத்தான் படியேறுவான். அந்த நாக்கில் அவ்வளவு தேன்.

கை என்னவோ கழுதைப்புலியின் கைதான். முதல் தடவை சின்னவள் உதடு கிழிந்து வந்தாள். அடுத்து மணிக்கட்டு வீங்கி வந்தாள். ஒவ்வொரு தடவையும் அக்கா மருந்து போடுவாள், கட்டுவாள், சோறு போடுவாள். நாலு நாள் கழித்து மாப்பிள்ளை பழம் வாங்கிக்கொண்டு கண்ணீரோடு வந்து நிற்பான். தம்பி டயர் கழற்றுகிற இரும்பு லீவரைத் தூக்குவான். அக்கா குறுக்கே நின்று, "குடும்ப விஷயத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்பாள். சின்னவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். எனக்கு அக்காமேல் உயிர்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவளை நாலு அறை அறையலாம்போல வரும்.

அன்று விடியும்போதே மழை கொட்டியது. நான் வாசலில் வாளி வைத்துக்கொண்டிருந்தேன். சின்னவள் குடை இல்லாமல் வந்தாள். நனைந்த துணி முதுகில் ஒட்டியிருந்தது, குனிந்தபடியே நடந்தாள்.

"என்னடி கண்ணு, இந்த மழையில?"

"அக்கா இருக்காளா ஆயாம்மா?"

அக்கா அவளைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, ரவிக்கையைக் கத்திரியால் வெட்டி எடுத்தாள். தோள்பட்டைக்குக் கீழே ஒரு இஸ்திரிப் பெட்டி அப்படியே பதிந்திருந்தது. கூர்முனை, அகலம், ஓரம் எல்லாம். தோல் வழண்டு கிடந்தது.

"எப்படி ஆச்சு?" அக்காவின் குரல் தியேட்டர் குரல்.

"காலர் சரியா மடியலைன்னு சொன்னாரு."

"அதக் கேக்கலை. எப்படி வெச்சான்?"

"திரும்பி நில்லுன்னாரு. நின்னேன்." சின்னவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசினாள். "அடிக்கத்தான் போறாருன்னு நெனச்சேங்கா. அடின்னா பழகிடுச்சு. சூடு தெரிஞ்ச பெறகுதான் கத்தினேன்."

நான் வாய்விட்டு அந்தப் பாவியைத் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அக்கா கொதித்து ஆறின தண்ணீரால் கழுவி, மருந்து தடவி, மெல்லிய துணி விரித்தாள். அவள் கை நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

தம்பி சாப்பிட வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரு முதுகு அது?"

"நீ உள்ள வராத. கை கழுவு."

"யாரு முதுகுன்னு கேட்டேன்."

"நீ கடைக்குப் போடா. நான் டூட்டி முடிஞ்சு வந்து பேசிக்கிறேன்."

"என்னத்தப் பேசுவே? பழம் கொண்டாந்தா என்ன பழம்னு கேப்பியா?"

"கத்தாத. அவ பயப்படுறா."

"அவ பயப்படறது என்னப் பாத்து இல்லக்கா." தம்பியின் குரல் உடைந்தது. "மாட்டுக்கு வைக்கிற சூடு வெச்சிருக்கான். நீ பஞ்ச எடுத்துத் தொடைக்கிறே. தொடைச்சு மறுபடி அனுப்பி வைப்பே. உனக்குக் கோவமே வராதா? உன் ஒடம்புல ரத்தம் ஓடுதா, இல்ல டெட்டால் ஓடுதா?"

"இன்னிக்கு இவ எங்கயும் போக மாட்டா. அது போதும். நீ கை வைக்காத, கேக்குதா? கை வெச்சா ஜெயிலு. என்னால ரெண்டு பேரையும் பாக்க முடியாது."

அவன் சாப்பிடவில்லை. மழையில் இறங்கிப் போனான். நாங்கள் டூட்டிக்குப் போனோம். சின்னவளை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னோம். தாழ் என்ன பெரிய தாழ், ஒரு உதைக்குத் தாங்காத தாழ்.

மத்தியானம் மழை இன்னும் வலுத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வர வேண்டிய இன்னொரு நர்ஸ் வரவில்லை, பாலத்துக்கு மேலே தண்ணீர். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பப் போனார். அப்போதுதான் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். வயிற்றில் கத்திக்குத்து. முகத்தில் சேறு. நான் துடைத்தேன். சேற்றுக்கு அடியில் மாப்பிள்ளை இருந்தான்.

கூட வந்தவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். பெண்டாட்டியை இழுத்துப்போக வந்தானாம். கதவை உதைத்து உள்ளே போய் முடியைப் பிடித்து வாசல் வரை இழுத்தானாம். யாரோ டயர் கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னார்களாம். ரப்பர் அறுக்கிற கத்தியோடு தம்பி வந்தானாம். கத்தியைப் பிடுங்கிவிட்டார்கள், தம்பி கையை உதறிக்கொண்டு மழையில் எங்கேயோ ஓடிவிட்டான்.

அக்கா குழாயடியில் முழங்கை வரை நுரையோடு நின்றாள். நான் போய்ச் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நகக்கண், விரலிடுக்கு, புறங்கை, மணிக்கட்டு, எப்போதும்போல வரிசையாகத் தேய்த்தாள். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது.

டாக்டர் வந்து நின்றார். "உன் சொந்தக்காரன்னு சொல்றாங்க. முடியுமா உன்னால?"

"முடியும் சார்."

"நடுவுல கை உதறுச்சுன்னா ஆள் போயிருவான். முடியலேன்னா இப்பவே சொல்லு."

"இவன் செத்தா என் தம்பி கொலைகாரன் சார்." அக்கா கையை உயர்த்திப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள். "ஆயாம்மா, டிரம்மத் திறங்க."

நாடா கட்டும்போது பார்த்தேன். அவள் முதுகு விறைத்து இரும்பாக இருந்தது.

வயிற்றைத் திறந்ததும் ரத்தம் குபுகுபுவென்று வந்தது. டாக்டர் உள்ளே கை விட்டு எதையோ விரலால் அழுத்திப் பிடித்தார். "கிடைச்சிருச்சு. விரல எடுத்தா முடிஞ்சுது கதை. கிளிப் குடு. அது இல்ல, நீளமானது." மயக்க டாக்டர் தலைமாட்டில் பையை அமுக்கிக்கொண்டிருந்தார். அக்கா சாமான்களை எடுத்து எடுத்து டாக்டர் உள்ளங்கையில் வைத்தாள். பச்சைத் துணிக்கு நடுவே ஒரு ஓட்டை, ஓட்டைக்குள்ளே அந்த மனுஷன். முகம் தெரியாது. இஸ்திரிப் பெட்டி பிடித்த கை துணிக்கு அடியில் கட்டிக் கிடந்தது.

அப்போது வெளிக்கதவு படாரென்று அடித்துக்கொண்டது. வாட்ச்மேன் "டேய், டேய்" என்று கத்துவது கேட்டது. அடுத்த நிமிஷம் தம்பி உள்ளே நின்றான். சட்டை கிழிந்து, தலையிலிருந்து தண்ணீர் ஊற்ற, காலில் செருப்பில்லாமல். தரையெல்லாம் சேறு. தியேட்டருக்குள் சேற்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"செத்துட்டானா?" என்று கேட்டான்.

மயக்க டாக்டர் கையில் பை ஏறி இறங்குவதைப் பார்த்தான்.

"சாகலியா? சாகலேன்னா தள்ளு. நான் முடிக்கிறேன்."

ஓரத்தில் சும்மா நின்ற சலைன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டான். டாக்டரால் நகர முடியாது, அவர் விரல் உள்ளே. மயக்க டாக்டர் பையை விட முடியாது. அக்காவுக்குக் கை இருக்கிறது, ஆனால் அந்தக் கையால் அவனைத் தொட முடியாது. அந்த அறையில் அவனைத் தொடக்கூடியவள் நான் ஒருத்திதான், அழுக்குக்காரி. போய் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். டயர் புரட்டுகிற கை ஐயா அது. என்னைப் பழந்துணிபோலச் சுவரில் வீசினான். முன்பல் ஒன்று உடைந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

அக்கா நகர்ந்து மேசைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். அவனைப் பார்த்து நிற்கவில்லை. முகம் மேசைப் பக்கம், முதுகு அவன் பக்கம்.

"மேசையத் தொடாத" என்றாள்.

"நகருக்கா."

"மேசையத் தொடாதடா."

"நகருன்னு சொல்றேன்ல!"

ஸ்டாண்டை ஓங்கினான். முதல் அடி அவள் முதுகில் விழுந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நனைந்த மெத்தையைத் தடியால் அடித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். அக்கா முன்னால் சரிந்தாள். மேசை விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் வயிற்றை எக்கி நின்றாள். கைகள் நெஞ்சுக்கு நேரே அப்படியே இருந்தன.

"திரும்பு! என் மூஞ்சியப் பாரு!"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அழுக்கு முதுகு மேசைப் பக்கம் வந்துவிடும். அடிபடும்போது ஒரு மனுஷிக்குத் தோன்றுகிற நினைப்பா அது? அவளுக்குத் தோன்றியது.

"அவ முதுகுல பெட்டிய வெச்சு அழுத்தினான். உன் கையால மருந்து போட்டியே! அதே கையால இவனுக்கும் செய்றியா?" இன்னொரு அடி. "உனக்கு அவ வேணாமா? நான் வேணாமா? இந்த நாய்தான் வேணுமா?" இன்னொரு அடி, இடுப்பில். அவன் அழுதுகொண்டே அடித்தான். மூக்கும் கண்ணும் ஒழுகின. அடிக்க அடிக்க அவனுக்குத்தான் வலித்ததுபோல ஊளையிட்டான்.

"கிளிப்" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அக்கா கிளிப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அதைப் பார்த்ததும் தம்பி ஸ்டாண்டைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தான். நான் அவன் காலைக் கட்டிக்கொண்டேன், கடித்தேன். அதற்குள் வாட்ச்மேனும் ஆட்டோக்காரர்களும் வந்து விழுந்தார்கள். தரையில் போட்டு, மிதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சேற்றில் ஒரு கோடு வாசல் வரை போயிற்று. "நீ என் அக்கா இல்ல!" என்று அவன் கத்தியது மழைச் சத்தத்தோடு தேய்ந்தது.

"பட்டுச்சா?" என்று கேட்டார் டாக்டர், நிமிராமலே. "எங்கயாவது பட்டுச்சா?"

நான் தரையில் கிடந்தபடி அக்காவைப் பார்த்தேன். கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண் வயிற்று ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. கவுனின் முன்பக்கம் முழுக்க ரத்தத் திட்டு, அதில் எது ரத்தம் எது மழைத் தண்ணீர் என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

"பட்டுச்சு சார்" என்றாள். "முழங்கைக்குக் கீழ. அவன் ஈரக் கை."

"எனக்குத் தெரியலையே."

"தெரியாது சார். பட்டுச்சு. மாத்தணும். மேசை ஓரத்துலயும் தண்ணி தெறிச்சிருக்கு, அந்தச் சாமான் எதையும் எடுக்காதீங்க, வேற செட்டுத் திறக்கட்டும். ஆயாம்மா, எந்திரிக்க முடியுமா?"

வாயில் ரத்தத்தோடு எழுந்தேன். கையைக் கழுவிவிட்டுப் புது டிரம்மைத் திறந்தேன். அவள் கவுனை நான்தான் பின்பக்கமிருந்து பிரித்தேன். உள்ளே போட்டிருந்த சட்டை தோளில் கிழிந்து, முதுகு வரிவரியாகத் தடித்திருந்தது. "அம்மாடி" என்றேன். "நாடாவ இறுக்கிக் கட்டுங்க ஆயாம்மா" என்றாள். கட்டினேன். அவள் ஒரு சத்தம் போடவில்லை. நான்தான் அழுதேன்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக் கட்டிலில் இரண்டு முதுகுகள் குப்புறக் கிடந்தன. ஒன்றில் இஸ்திரிப் பெட்டி, ஒன்றில் இரும்புத் தடி. நான் இரண்டு பேருக்கும் மாறி மாறி மருந்து தடவினேன். உடைந்த பல்லில் நாக்கு போய்ப் போய் இடித்தது.

சின்னவள் கேட்டாள், "அண்ணன் உன்னையா அடிச்சுது?"

"என்னை இல்லடி. அவங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் நின்னேன்."

"நீ ஒண்ணும் செய்யாம இருந்திருந்தாலே அவரு செத்திருப்பாரு, இல்ல?"

அக்கா தலையணையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "டாக்டர் பட்டுச்சான்னு கேட்டாரு. பட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். இல்லன்னு சொன்னா போதும். ரெண்டு நாளு கழிச்சு சீழ் வெச்சு, காய்ச்சல் வந்து தானா போயிருவான். என்னை யாரும் கேக்க மாட்டாங்க. உன் முதுகு ஞாபகம் வந்துச்சுடி. சாகட்டும்னு நெனச்சேன். நெசமா நெனச்சேன்."

"அப்புறம்?"

"தம்பி மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. வாய் தானா சொல்லிருச்சு."

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தம்பியைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். கம்பிக்கு உள்ளே அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. கொண்டுபோன சாப்பாட்டைத் தொடவில்லை. அக்கா கையைக் கோத்து நெஞ்சில் வைத்தபடி வெகுநேரம் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பேசுடா" என்றாள். "திட்டவாவது செய்டா." வெளியே வந்து மரத்தடியில் நின்று ஓவென்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வார்டில் மாப்பிள்ளைக்கு நாளுக்கு நாள் முகம் தெளிந்தது. காயத்தில் ஒரு சொட்டுச் சீழ் இல்லை. டாக்டர் வாய்க்கு வாய் அக்காவைப் புகழ்ந்தார். உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததும் மாப்பிள்ளைக்குப் பழைய தேன் நாக்கு திரும்பிவிட்டது.

"நான் மனசு வெச்சா உங்க தம்பி சீக்கிரம் வெளிய வரலாம்" என்றான் அக்காவிடம். "ஏதோ வாய்ச்சண்டை, கத்தி கையில இருந்துச்சு, தவறிப் பட்டுருச்சுன்னு சொல்லிடறேன். கோர்ட்ல என் வார்த்தைதானே பேசும்? நான் கேக்கறது ஒண்ணுதான். இவ என்கூட வீட்டுக்கு வரணும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா நடந்தத நடந்தபடி சொல்வேன். ஆஸ்பத்திரிக்குள்ள வந்து மறுபடி கொல்லப் பாத்ததையும் சேத்து. உங்க தம்பி பல்லு விழுந்து வெளிய வருவான்."

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சின்னவள் தானே துணியை மடித்துப் பையில் வைத்தாள். "நான் போறேங்கா. அண்ணன் எனக்காகத்தானே உள்ள இருக்கு" என்றாள். அக்கா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையைக் கோத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். "வாயத் திறந்து ஏதாவது சொல்லுங்க" என்று நான் கத்தினேன். "நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு நின்னா ஆச்சா?"

தையல் பிரிக்கிற நாள். அக்காவே வந்தாள். மாப்பிள்ளையைத் தனி அறையில் படுக்கவைத்து, கையுறை மாட்டி, ஒவ்வொரு முடிச்சாகத் தூக்கி வெட்டி உருவினாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காயம் பென்சிலில் கோடு போட்டதுபோல மூடியிருந்தது. சொல்லக் கூடாது, அழகான வேலை.

சின்னவள் பையோடு சுவரோரம் நின்றாள். மாப்பிள்ளை எழுந்து வெள்ளைச் சட்டையை மாட்டினான். அவள் வீட்டிலிருந்து துவைத்துக் கொண்டுவந்த சட்டை. பொத்தான் போட்டுக்கொண்டே காலரைத் தடவிப் பார்த்தான்.

"இன்னும் நீ கத்துக்கலை" என்றான், சிரித்துக்கொண்டே. "இங்க வா."

சின்னவள் வந்தாள்.

"திரும்பி நில்லு."

அவள் திரும்பி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பிள்ளை திரும்பி நின்றாள். அவள் முதுகில் கட்டுப் போட்டிருந்த இடத்தைப் பார்த்து அவன் ஓங்கி ஒரு குத்து விட்டான். சின்னவள் முழங்கால் மடங்கித் தரையில் விழுந்தாள்.

அக்கா கத்திரியைத் தட்டில் வைத்தாள். ஒரு கையுறையைக் கழற்றினாள். இன்னொன்றைக் கழற்றினாள். இரண்டையும் வாளியில் போட்டாள். அவள் கைகள் இரண்டும் பக்கவாட்டில் கீழே இறங்கித் தொங்கின. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை, யாரோ வேற்று மனுஷிபோல இருந்தாள்.

"ஆயாம்மா," என்றாள், "கதவச் சாத்துங்க."

சாத்தினேன். தாழும் போட்டேன்.

மூலையில் தரை துடைக்கிற மாப் இருந்தது. அதை எடுத்தாள். மாப்பிள்ளை முதலில் சிரித்தான். முதல் அடி முட்டியில் விழுந்ததும் சிரிப்பு நின்றது. "கேஸு, உன் தம்பி கேஸு" என்று கத்தினான். "சொல்லு. எல்லாத்தையும் சொல்லு" என்றாள். அவன் அவள் தலைமுடியைப் பிடிக்க வந்தான். கட்டையால் மணிக்கட்டில் ஒன்று போட்டாள், எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. குப்புற விழுந்தான். முதுகு, தோள், தொடை, குதிகால் என்று விளாசினாள். கட்டை முறிந்தது. முறிந்த துண்டால் அடித்தாள். "திரும்பி நில்லுன்னியா? என் தங்கச்சிய திரும்பி நில்லுன்னியா?" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் வலியில் புரண்டு மல்லாந்தபோது கையை நிறுத்தினாள். காலால் புரட்டிக் குப்புறப் போட்டு மறுபடி அடித்தாள். தைத்த வயிற்றில் ஒரு அடி விழவில்லை. பொய் சொல்லவில்லை, நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். வாசலில் ஆட்கள் தட்டுகிற வரைக்கும் நான் தாழை எடுக்கவில்லை.

அவள் வேலைக்கு நோட்டீஸ் வந்தது. மாப்பிள்ளை சொன்னபடியே நடந்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அக்காமேலும் ஒரு கேஸ். தம்பி வெளியே வர நீண்ட காலம் ஆகும் என்று வக்கீல் சொன்னார். ஜாமீனில் வந்த கையோடு அக்கா சின்னவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஜெயிலுக்குத் தம்பியைப் பார்க்கப் போனாள்.

அவன் அப்போதும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான். சின்னவள்தான் கம்பியில் முகத்தை வைத்துச் சொன்னாள்.

"அண்ணா, நான் அவர்கூடப் போகலை. இனிமே போக மாட்டேன். உனக்கு இன்னும் நாளாகும்னு சொல்றாங்க. என்னாலதான்."

அவன் விரலால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா அவர அடிச்சுட்டா அண்ணா."

முதுகு லேசாக அசைந்தது. "யாரு?"

"அக்கா."

"யாரு, நம்ம கும்பிடா?"

"மாப் கட்டை முறிஞ்சு போச்சுடா தம்பி" என்றேன் நான். "மணிக்கட்டும் முறிஞ்சுது. கூடவே நின்னு பாத்தேன்."

"தையல் மேலயா?"

"அதுல ஒண்ணுகூடப் படலை."

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினான். கண் சிவந்து, தாடி முளைத்து, ஆள் பாதியாகியிருந்தான். எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்து அக்காவின் கையைப் பார்த்தான். அது நெஞ்சில் இல்லை, அவனுக்கு நேரே கம்பியைப் பிடித்திருந்தது. தன் கறுத்த கையை அதன்மேல் வைத்தான். கழுவினாயா என்று அவள் கேட்கவில்லை.

"முதுகு இன்னும் வலிக்குதாக்கா?"

"வலிக்குதுடா" என்றாள் அக்கா. "ரொம்ப வலிக்குது."